தலையை மட்டும் எண்ணுகிறவள்

என் அக்காவுக்கு ஊரில் குடைக்காரி என்று பெயர். மழைக்கும் சரி, வெயிலுக்கும் சரி, அவள் குடையை விரித்து நான் பார்த்ததில்லை. மடக்கிய குடையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பாள். பின்னால் இருபது பேர், சில நாள் முப்பது பேர், தண்ணீர் பாட்டிலும் செல்போனுமாக வருவார்கள். காலையில் நகரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, பழைய ஊரை நடந்தே சுற்றிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் நாலு மணி பஸ்ஸுக்குத் திரும்புகிற கூட்டம். அவர்களுக்கு அக்காதான் கைடு.

பழைய ஊர் என்பது ஒரு மதிலுக்குள் அடங்கிய பதினேழு தெரு. கையை வீசி நடந்தால் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதை ஆறு மணி நேரத்துக்கு இழுக்கிற வித்தை அக்காவுக்குத்தான் தெரியும். தெற்கு வாசலில் ஆரம்பித்து, சுங்கச் சாவடி, பழைய சிறைச்சாலை, படிக்கட்டுத் தெரு, மணிக்கூண்டு, சாப்பாடு, அப்புறம் அச்சுக்கூடம், கல்பாலம், பஸ். மணிக்கூண்டின் அடியில் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்கிறவன் நான். அதனால் தினமும் பன்னிரண்டு மணி சுமாருக்கு அக்காவின் முகத்தைப் பார்த்துவிடுவேன்.

வரலாறு அவளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே ஒத்து வராத பாடம். பதினெட்டு வருஷம் ஒரு திரைச்சீலைக் கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுத்தவள். கடையை மூடின சமயத்தில் நகராட்சியில் கைடு வேலைக்கு ஆள் எடுத்தார்கள். அறுபது பக்கப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னார்கள். பண்ணினாள். கூடவே சொந்தச் சரக்கையும் சேர்த்துக்கொண்டாள். தெற்கு வாசலில் ஆள் நுழைகிற சின்னக் கதவு ஒன்று உண்டு. "இதுல குனியாம போனவங்க நெத்தி எல்லாம் இந்தக் கல்லுல பதிவாகியிருக்கு, பெரிய மனுஷங்க நெத்திதான் அதிகம்" என்பாள். அது புத்தகத்தில் கிடையாது. ஜனங்கள் சிரித்துக்கொண்டே குனிவார்கள், அப்படியும் ஒருத்தர் இடித்துக்கொள்வார்.

கைடு வேலையில் பேசுவதைவிடப் பெரிய வேலை எண்ணுவது. ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குத் திரும்பும்போதெல்லாம் எண்ணியாக வேண்டும். ஆளைத் தொலைத்துவிட்டு மற்றவர்களை பஸ் ஏற்றினால் வேலைக்கு உலை. அக்கா எண்ணுவதைக் கவனித்தால்தான் அவள் எண்ணுகிறாள் என்றே தெரியும். கட்டை விரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஓடும், கண் கூட்டத்தின் மேலே ஒரு தடவை போய்த் திரும்பும், முடிந்தது.

"முகத்தைப் பாக்கவே கூடாதுடா" என்று எனக்குச் சொல்லியிருக்கிறாள். "முகத்தைப் பாத்தா யாராவது சிரிப்பாங்க, இல்லன்னா பாத்ரூம் எங்க இருக்குன்னு கேப்பாங்க. எண்ணிக்கை போச்சு. தலையை மட்டும் பாத்துக்கிட்டே போயிடணும்."

எட்டு வருஷத்தில் அவள் ஒருவரைக்கூடத் தொலைத்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவள் வீட்டுக்காரர், என் மாமா, தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கிறவராக இருந்தார். வீடு வீடாகப் போய், வாசலில் உள்ள குழியின் இரும்பு மூடியைத் தூக்கி, டார்ச் அடித்து, எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டு வருகிற வேலை. முப்பத்தோரு வருஷம். பழைய ஊர் முழுவதும் அவர் பகுதிதான். மாசத்துக்கு ஒரு தடவை வர வேண்டிய மனுஷன், அக்காவைப் பார்த்த மாசத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்று தடவை வந்தார். மூன்றாவது தடவை எங்கள் அப்பா வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"தம்பி, நாங்க குளிக்கத்தான் செய்யறோம், கப்பல் விடல. பத்து நாளைக்குள்ள அவ்வளவு தண்ணி ஓடாது. விஷயம் என்னன்னு சொல்லுங்க."

மாமா டார்ச்சை அணைக்கக்கூட மறந்து, அதைக் கையில் பிடித்தபடியே விஷயத்தைச் சொன்னார். பட்டப்பகலில் அப்பாவின் வயிற்றில் டார்ச் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். கல்யாணத்துக்குப் பிறகு பத்து வருஷம் இதைச் சொல்லியே அவரை ஓட்டினோம். அவருக்குக் கோபமே வராது. எங்கள் குடும்பத்திலேயே கோபம் வராத ஆள் அவர் ஒருத்தர்தான். மற்ற எங்களுக்கெல்லாம் மூக்கு நுனியில்தான் அது குடியிருக்கிறது.

மாமாவுக்கு மறதி நோய் எண்களில்தான் ஆரம்பித்தது. மீட்டரில் ஒன்று இருக்கும், நோட்டில் வேறொன்று இருக்கும். நாற்பது வீட்டிலிருந்து புகார் வந்தது. டாக்டர் ஒரு காகிதத்தில் கடிகாரம் வரையச் சொன்னார். மாமா வட்டத்தை அழகாக வரைந்தார். உள்ளே ஒரு எண்ணும் போடவில்லை. வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்புறம் ஒவ்வொன்றாகப் போயிற்று. பல் தேய்த்தது மறந்தது, மகன் வேலை பார்க்கிற ஊர் மறந்தது. ஒரு தடவை வீட்டை விட்டுக் கிளம்பிப் போய், பஸ் டெப்போவில் கிடைத்தார். இன்னொரு தடவை, மதிலுக்கு வெளியே நெடுஞ்சாலையில்.

மகன் தூரத்து ஊரில் இன்சூரன்ஸ் ஆபீசில் இருக்கிறான். நல்ல பையன்தான், அப்பா மேல் உயிர். ஆனால் அவன் போனில் பேசினால் பாலிசி விளக்குகிற மாதிரியே இருக்கும். மறதி நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற ஒரு இல்லத்தில் இடம் பேசி வைத்துவிட்டான். "அம்மா, நான் இப்ப வற்புறுத்தல. இன்னும் ஒரே ஒரு தடவை அப்பா தொலைஞ்சாருன்னா, நானே வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். அப்புறம் நீங்க எதுவும் பேசக் கூடாது" என்றான். அக்கா சரி என்றாள். போனை வைத்ததும் என்னிடம், "என் உயிர் இருக்கிற வரைக்கும் அவரை அனுப்ப மாட்டேன்டா. அங்க அவரை யாருக்குத் தெரியும்?" என்றாள்.

ஆகவே அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மாமாவை வீட்டுக்குள் வைத்து வெளியே பூட்டிவிடுவது. எனக்குத் தெரியாது. ஒரு நாள் மத்தியானம் அவர்கள் தெரு வழியாகப் போகும்போது பார்த்தேன். மாமா ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டுக் கொடுத்து நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "மாப்ள, யாரோ வெளிய பூட்டிட்டாங்க. உங்க அக்கா வந்தா உள்ள வர முடியாது பாரு" என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. அன்று சாயங்காலம் அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

"அவர் என்ன சைக்கிளா, பூட்டி வச்சிட்டுப் போறதுக்கு?"

அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அப்ப நீயே சொல்லு. நான் என்ன செய்யட்டும்? வேலையை விட்டுட்டு வீட்டுல உக்காரட்டுமா? உக்காந்தா ரெண்டு பேரும் என்னத்தைத் தின்னறது?"

"கூடவே கூட்டிட்டுப் போ. கூட்டத்தோட கூட்டமா அவரும் நடந்து வரட்டும். அவருக்கும் நடந்த மாதிரி ஆச்சு, உனக்கும் கண்ணு முன்னாலயே இருப்பார்."

சொன்னது நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

நாலு மாசம் அது நன்றாகத்தான் நடந்தது. மாமா இஸ்திரி போட்ட சட்டையோடு கூட்டத்தின் கடைசி ஆளாக வருவார். கதவு திறந்து கிடந்தால் மூடுவார், யாராவது பையை வைத்துவிட்டுப் போனால் எடுத்துக்கொண்டு வந்து கொடுப்பார். வந்தவர்கள் அவரை நகராட்சி ஆள் என்றே நினைத்துக்கொண்டார்கள். அக்காவும் அப்படியே விட்டுவிட்டாள். அவள் எண்ணும்போது கூட்டத்தோடு ஒன்று கூட்டிக்கொள்வாள். இருபது பேர் வந்தால் இருபத்தொன்று. அந்த ஒருத்தருக்கு மருந்து மத்தியானம் ஒரு மணிக்கு. மணிக்கூண்டிலிருந்து இறங்கினதும் கைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்து, என் தண்ணீர் பாட்டிலை வாங்கி, கொடுத்துவிட்டுச் சாப்பாட்டுக்குக் கூட்டிப் போவாள். அந்த நேரத்தில் மாமா என்னைப் பார்த்து, "நல்லா இருக்கியா மாப்ள?" என்று தினமும் புதிதாகக் கேட்பார். நானும் தினமும் புதிதாக, "நல்லா இருக்கேன் மாமா" என்பேன்.

அன்றைக்கு வந்தது தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர்கள். பதினெட்டு பேர். முக்கால்வாசி பேர் தபால்காரர்களாகவே இருந்து ஓய்வு பெற்றவர்கள். நடப்பதற்கு அலுக்காத ஜனம். மாமாவோடு பத்தொன்பது.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அக்காவின் குடை படிக்கட்டுத் தெரு முனையில் தெரிந்தது. பதினெட்டு டிக்கெட்டைக் கிழித்து வைத்தேன். மாமாவுக்கு டிக்கெட் கிடையாது, அது எங்களுக்குள் இருக்கிற பேச்சு. சுழல் கதவு வழியாக ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். நானும் எண்ணினேன், அது என் வேலை. பத்தொன்பது தலை. கடைசித் தலையில் பழுப்பு நிறத் தொப்பி ஒன்று இருந்தது. மாமாவுக்கு வெயிலுக்கு யாரோ தொப்பி கொடுத்திருக்கிறார்கள் போல என்று நினைத்தேன். நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கியிருந்தால் போதும். ஆனால் என் கை அதற்குள் சாப்பாட்டு டப்பாவின் மூடிக்குப் போய்விட்டது.

மணிக்கூண்டில் நூற்று நாற்பது படி. உச்சியில் அக்கா பேசுவது ஒரு மாதிரி காற்றில் மிதந்து கீழே வரும். அன்றைக்கு அங்கே ஒரே சிரிப்பு. தபால்காரர்கள் என்னவோ சொல்கிறார்கள், அக்கா பதிலுக்கு என்னவோ சொல்கிறாள், மறுபடி சிரிப்பு. நடுவில் அவளும் சிரித்தாள். ரெண்டு வருஷமாக நான் கேட்காத சிரிப்பு அது. சின்ன வயசில் அவள் அப்படிச் சிரிக்க ஆரம்பித்தால் விக்கல் வந்துதான் நிற்கும். பரவாயில்லையே, அக்கா பழைய ஆளாக ஆகிவிட்டாள் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படி நினைத்துக்கொண்டே நிதானமாகச் சாப்பிட்டேன்.

ஒரு மணிக்கு இறங்கி வந்தார்கள். அக்கா முகம் மலர்ந்திருந்தது. கட்டை விரல் கணுக்களில் ஓடியது. பத்தொன்பது. கைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்தாள், என் பாட்டிலை வாங்கினாள், யாரோ கேட்ட கேள்விக்குத் திரும்பிப் பதில் சொல்லிக்கொண்டே பழுப்புத் தொப்பிக்குப் பக்கத்தில் போய், "இந்தாங்க" என்று கையை நீட்டினாள்.

"எனக்கா? எனக்கு ஒரு வியாதியும் இல்லையேம்மா" என்றார் தொப்பி.

யாரோ ஒரு ஆள். ஐம்பது வயசிருக்கும். ஊர் பார்க்கத் தனியாக வந்தவர். ஓசியில் ஒட்டிக்கொள்கிறவர்கள் எல்லாக் கூட்டத்திலும் உண்டு, எண்ணிக்கை ஒன்று கூடினதுமே அக்கா அவர்களைக் கண்டுபிடித்துவிடுவாள். அவர் பயந்துபோய், "தப்பா நினைக்காதீங்க. ஜெயில்கிட்ட உங்க பேச்சு காதுல விழுந்துச்சு. நல்லா இருந்துச்சு, அப்படியே கூட வந்துட்டேன்" என்றார்.

சிறைச்சாலையில் அவர்கள் நின்றது பதினொன்றரைக்கு.

அக்கா மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பதினெட்டு முகத்தையும் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னிடம், "எண்ணிக்கை சரியா இருந்துச்சேடா" என்றாள். ஏதோ நான் மாமாவை ஒளித்து வைத்திருக்கிற மாதிரி.

கவுண்ட்டரை அடைத்துவிட்டு ஓடி வந்தேன். "கடைசியா எங்க பாத்த?" என்று கேட்டேன். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. தெற்கு வாசலில் அவர் குனிந்து நுழைந்தது ஞாபகம் இருக்கிறது. அதற்கு அப்புறம் தலைதான், தலைதான், தலைதான். தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தபால்காரர்கள் பதினெட்டு பேரும் சாப்பாட்டை மறந்தார்கள். அவர்களில் தலைமைத் தபால்காரராக இருந்த ஒருவர் என்னிடம் வந்து, "தம்பி, எத்தனை தெரு? பேரைச் சொல்லுங்க" என்றார். நான் சொல்லச் சொல்ல, அவர் ஆளுக்கு ஒரு தெருவாகப் பிரித்துக் கொடுத்தார். "ஒத்தைப்படை நம்பர் வீடு போகும்போது, ரெட்டைப்படை திரும்பும்போது. ஒரு கதவையும் விடாதீங்க." அந்தத் தொப்பி ஆளும் ஒரு தபால்காரருடன் சேர்ந்துகொண்டார். ஓய்வு பெற்ற கால்கள் எல்லாம் பழைய வேகத்தில் பிரிந்து போயின. அந்தக் காட்சியை வேறொரு நாள் பார்த்திருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

அரை மணியில் தகவல் வர ஆரம்பித்தது. படிக்கட்டுத் தெருவுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் ஒரு அம்மா, "வயசானவர் ஒருத்தர் உள்ள வந்து மீட்டர் எங்கம்மான்னு கேட்டார், இப்ப எல்லாம் தெருமுனை பெட்டிக்கு மாத்திட்டாங்கன்னு சொன்னேன், வருத்தப்பட்டுக்கிட்டே போனார்" என்றாளாம். அடுத்த சந்தில் தையல்காரர் ஒருவரும் அதையே சொன்னார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. மாமா தொலையவே இல்லை. வேலைக்குப் போயிருக்கிறார். முப்பத்தோரு வருஷம் நடந்த வரிசையில் வீடு வீடாகப் போகிறார். குழிகளை எல்லாம் மூடிவிட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாது, அதனால் வாசலில் காணாத மீட்டரைத் தேடி உள்ளே உள்ளே போகிறார்.

அந்த வரிசை அக்காவுக்குத் தெரிந்திருந்தது. கல்யாணமான புதிதில் அவர் சொல்லிச் சொல்லி அவளுக்குப் பாடமாகியிருந்தது. முன்னால் ஓடினாள். நாலாவது சந்தின் கடைசியில் ஒரு வீட்டைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். ரிப்பேர் வேலை. அன்றைக்கு வேலையாட்கள் வராத நாள். கதவுக்குப் பதில் ஒரு பலகை சாய்த்திருந்தது. உள்ளே ஏற்கெனவே ஒரு தபால்காரர் தரையில் குப்புறப் படுத்து, குழிக்குள் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

மாமா குழிக்குள் நின்றுகொண்டிருந்தார். புதுக் குழாய் போடத் தோண்டின குழி, மார்பு ஆழம் இருக்கும். கீழே முழங்கால் வரை சேற்றுத் தண்ணீர். விழுந்ததில் கணுக்கால் ஒடிந்திருந்தது. ஒடிந்த காலோடு ஏறக்குறைய ரெண்டு மணி நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். இஸ்திரி போட்ட சட்டை முழுக்கச் சேறு. உதடு நீலம் பூத்துப்போயிருந்தது. ஆனாலும் அவர் வாய் ஓயவில்லை. "மூணு, ரெண்டு, ஏழு, ஒண்ணு. மூணு, ரெண்டு, ஏழு, ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் குழியில் மீட்டர் எதுவும் கிடையாது. எந்த வீட்டு எண்ணோ, எந்த வருஷத்து எண்ணோ. எழுதிக்கொள்ள நோட்டு இல்லாததால் மறந்துவிடாமல் வைத்திருந்தார்.

"எழுதிக்கோங்க" என்று தபால்காரரைப் பார்த்துக் கெஞ்சினார்.

அந்தப் புண்ணியவான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் தன் உள்ளங்கையில் எழுதி, மாமாவிடம் காட்டினார். "எழுதியாச்சு சார். சரியா இருக்கா பாருங்க." அப்புறம்தான் மாமா சுவரை விட்டார். நாங்கள் நாலு பேர் அவரைத் தூக்கினோம். அக்கா அவர் தலையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டு, சேற்றைத் துடைத்துத் துடைத்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். காலுக்குக் கட்டு, நெஞ்சில் சளி, ஜுரம். மகன் முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்தான். வார்டுக்கு வெளியே நடையில் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, அம்மாகிட்ட நீங்கதான் பேசணும். நான் பேசினா சண்டை ஆகிடும்" என்றான். அவன் கண் வீங்கியிருந்தது. பாலிசிக்காரன் குரல் எங்கே போயிற்றோ.

பேசுவதற்கு நான் வேறு மாதிரி தயாராகியிருந்தேன். அக்கா பக்கம் நிற்பது என்று முடிவு. கைடு வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ கவுண்ட்டரில் உட்கார், மாமாவை உன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்துக்கொள் என்று சொல்லலாம் என்றிருந்தேன், நகராட்சியில்கூட ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தேன். ஆனால் அக்கா வார்டிலிருந்து வெளியே வந்து, மகனைப் பார்த்து நேராகச் சொன்னாள்.

"அந்த இல்லத்துக்குப் போன் பண்ணு. இடம் இருக்குன்னா கூட்டிட்டுப் போயிடலாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அக்கா, என்ன பேசற? உயிர் இருக்கிற வரைக்கும் அனுப்ப மாட்டேன்னு சொன்னது யாரு? தப்பு உன் மேல மட்டும் இல்ல. நானும்தான் எண்ணினேன். கூட்டிட்டுப் போன்னு சொன்னதே நான்தான்."

அவள் என்னைத் தள்ளிக்கொண்டு நடையின் கடைசிக்குப் போனாள். மகன் காதில் விழக் கூடாது என்று குரலைத் தாழ்த்தினாள்.

"எண்ணிக்கை தப்பினதுக்காக இல்லடா. அது யாருக்கும் தப்பும். மணிக்கூண்டு மேல நின்னப்ப எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? காத்து அடிக்குது. அந்தத் தபால்காரங்க கிண்டல் பண்றாங்க. நான் சிரிக்கிறேன். மனசு அப்படியே லேசா இருந்துச்சு. ஏன் இன்னிக்கு இவ்வளவு லேசா இருக்குன்னு ஒரு தடவை எனக்கே தோணுச்சுடா. வெயில் கம்மியா இருக்கிறதாலன்னு நினைச்சேன்."

மகன் நின்ற பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"அவர் அங்க குழில நிக்கறார். நான் இங்க சிரிக்கிறேன். அவர் பக்கத்துல இல்லாததைத்தான் நான் சந்தோஷம்னு நினைச்சிருக்கேன். என் உடம்புக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல. இனிமே அவரை நான் வச்சிருந்தா, ஒவ்வொரு நாளும் அவர் முகத்தைப் பாத்து அது ஞாபகம் வரும். அப்புறம் நான் அவரைப் பாத்துக்கறது பாசமா, இல்ல பயமான்னு எனக்கே தெரியாது. அவருக்கு அது வேண்டாம். அவர் நல்ல மனுஷன்."

அழுதுவிடுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. அழுதவன் நான்தான். ஆஸ்பத்திரி நடையில், போகிற வருகிறவர்கள் பார்க்க, நாற்பத்தாறு வயசு ஆள் அக்கா தோளில் விழுந்து அழுதேன். அவள் என் முதுகைத் தட்டிக் கொடுத்தாள், சின்ன வயசில் தட்டிக் கொடுத்த மாதிரியே.

இல்லம் எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். சுத்தமான இடம். சுவரெல்லாம் வெளிர் பச்சை, வாசலில் பெரிய கதவு, கதவில் எண்களை அழுத்தினால்தான் திறக்கும். அக்காவுக்குத் திங்கட்கிழமை மட்டும்தான் லீவு. கொண்டுபோய் விட்ட பிறகு, முதல் பத்து நாள் யாரும் வர வேண்டாம், அவர் இடத்துக்குப் பழகட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பத்து நாளில் அக்கா வழக்கம்போல வேலைக்குப் போனாள். குடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள், நெற்றி இடிக்கிற கதையைச் சொன்னாள். ஆனால் எண்ணுகிற விதத்தை மாற்றிக்கொண்டுவிட்டாள். ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று, முகத்தைப் பார்த்து, ஒன்று, ரெண்டு என்று வாய்விட்டு எண்ணினாள். நேரம் ஆகிறது என்று ஜனங்கள் முனகினார்கள். முனகினால் முனகட்டும்.

பதினோராவது நாள் திங்கட்கிழமை. ரெண்டு பேரும் போனோம். அக்கா பெட்டியின் அடியிலிருந்து எடுத்த நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். தலையை வாரின விதத்தில்கூட ஒரு அக்கறை தெரிந்தது. பஸ்ஸில் வழி முழுக்க, "என்னைத் திட்டுவாராடா? திட்டினா நல்லா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். அந்த மனுஷன் வாழ்நாளில் யாரையும் திட்டினது இல்லை என்பது அவளுக்குத் தெரியாதா.

மாமா பின்பக்கத்து வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காலில் இன்னும் கட்டு இருந்தது. முகம் தெளிவாக இருந்தது, சவரம் பண்ணிவிட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கண் விரிந்தது.

"வா மாப்ள. நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன் மாமா."

அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "என்னங்க, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். மாமா அவளை ஒரு தடவை பார்த்தார். மரியாதையாகத் தலையை அசைத்து, "ஆச்சும்மா" என்றார். அங்கே வேலை பார்க்கிற பெண்களுக்கும் அப்படித்தான் பதில் சொல்கிறார் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். கையை மெதுவாக உருவிக்கொண்டு, என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ள, நான் இங்க இருக்கேன்னு உங்க அக்காகிட்ட சொல்லிட்டியா?"

அக்காவைப் பார்த்தேன். அவள் உருவப்பட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"போனதும் மொத வேலையா சொல்லிடு" என்றார் மாமா. "பாவம், தேடிக்கிட்டு இருப்பா. நான் ஒரு நிமிஷம் கண்ணுல படலன்னா அவளுக்கு இருப்பு கொள்ளாது."

அக்காதான் பதில் சொன்னாள். எப்படிச் சொன்னாளோ, குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை.

"தேடிக்கிட்டுதாங்க இருக்கா."

"அப்படியா?" மாமா அவள் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் ஒரு நிம்மதி. "அவளைப் பாத்தீங்களாம்மா?"

அக்கா தலையசைத்தாள். மாமா பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து அவளுக்கு நன்றாக இடம் விட்டார், அவளைப் பற்றி அவளிடமே விசாரிக்க ஆரம்பித்தார்.